கேட்டால் சொல்கிறேன்: சிறைக்குள் பத்து நாள் மௌனம்

சனிக்கிழமை தோறும் டெல்லியில் ஒரு சிறைக்குப் போய், உள்ளே இருப்பவர்களோடு மூச்சைக் கவனித்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பென்ஷன், ரேஷன் கார்டு, மாமியார் மருமகள் என்று வழக்கமாக வரும் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை, ஏன் என்று உங்களுக்கே தெரியும். நான் போகும் சிறை எது என்றும் சொல்லப் போவதில்லை.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 23 வயது. ஒரு அடிதடி கேஸில் 14 மாதமாக உள்ளே இருக்கிறான், விசாரணை இன்னும் முடியவில்லை. இதற்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதித்ததில்லை. போன வாரம் முலாகாத்துக்கு (சிறையில் போய்ப் பார்ப்பதற்கு) போனபோது, 'யாரோடயும் பேசாம பத்து நாள் தியான வகுப்பு ஒண்ணு இருக்கும்மா, பேர் கொடுத்துட்டேன், அந்தப் பத்து நாளும் நீ வராதே' என்கிறான். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏற்கெனவே பாதி உடம்பாகிவிட்டான். மனசை மாற்றிச் சாமியாராக்கி விடுவார்களோ? போகாதே என்று சொல்லட்டுமா?
(ஒரு தாய், மயூர் விஹார் ஃபேஸ் 3)

பதில்: அம்மா, போகட்டும் விடுங்கள். சிறையில் எப்போது எழுந்திருப்பது, எப்போது கின்தி என்கிற தலை எண்ணிக்கை, எப்போது ரொட்டி, எப்போது பூட்டு என்று எல்லாவற்றையும் வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். அதற்கு நடுவில் உங்கள் பையன் தானாக ஒரு விஷயத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறான். 14 மாதத்தில் அவன் சொந்தமாக எடுத்த முதல் முடிவாகக்கூட அது இருக்கலாம். அதைத் தடுக்காதீர்கள்.

பத்து நாள் மௌனம் என்றால் அது விபாசனா என்ற தியான வகுப்பாகத்தான் இருக்கும். அதிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள். ஒரு நாளைக்குச் சுமார் பத்து மணி நேரம், இடையிடையே ஓய்வு விட்டு விட்டு, உட்கார வேண்டும். முதல் மூன்று நாள் மூக்கு வழியே மூச்சு போய் வருவதைப் பார்ப்பது மட்டும்தான், மந்திரம் கிடையாது, சாமி படம் கிடையாது. நான்காம் நாளிலிருந்து தலை முதல் கால் வரை உடம்பில் என்னென்ன உணர்வு வருகிறது என்று ஒவ்வொரு இடமாகப் பார்க்கச் சொல்வார்கள். வலி வந்தால் வலி, அரிப்பு வந்தால் அரிப்பு, உடனே கையைக் கொண்டுபோகாமல் கொஞ்ச நேரம் அதைப் பார்ப்பது. சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒலிப்பதிவில் ஒரு சொற்பொழிவு. பத்தாம் நாள் மௌனத்தைக் கலைத்துவிடுவார்கள், அன்றைக்கு அந்தக் கூடத்தில் எழும் பேச்சுச் சத்தத்தை நீங்கள் கேட்க வேண்டும், கல்யாண வீடு தோற்றுப்போகும். சாமியாராக யாரும் போவதில்லை. பதினோராம் நாள் காலையில், கைதிகள் தங்கும் அதே பேரக்குக்குத்தான் திரும்புவான்.

கஷ்டமாக இருக்காதா என்றால், இருக்கும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் பல பேருக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும், முட்டி தனியாகக் கழன்றுவிட்ட மாதிரி வலிக்கும். எங்கள் சனிக்கிழமை வகுப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே, சிறையில் கொடுத்த கம்பளியை நான்காக மடித்து அந்த மடிப்பின் நுனியில் எப்படி உட்காருவது என்பதைத்தான். இடுப்பு கொஞ்சம் உயர்ந்து முட்டி தரையைத் தொட்டால் பாதி வலி போய்விடும். உங்கள் பையனை அடுத்த முறை பார்க்கும்போது இதைச் சொல்லுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அவனுக்கு வாரக்கணக்கில் தூக்கமே இல்லை, யாரோ பேசுவது போல் காதில் கேட்கிறது, கையைக் கிழித்துக்கொள்கிறான், அல்லது ஸ்மாக் போதைப் பழக்கம் விட்டு ரொம்ப நாள் ஆகவில்லை என்று ஏதாவது இருந்தால், முதலில் சிறை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அப்படிப்பட்ட நிலையில் பத்து நாள் கண்ணை மூடி உள்ளே பார்ப்பது நல்லதல்ல, நல்ல ஆசிரியர்களே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அடுத்தது, அந்தப் பத்து நாளுக்குள் கோர்ட் தேதி வருகிறதா என்று வக்கீலிடம் இன்றைக்கே கேளுங்கள்.

அப்புறம் அம்மா, தியானத்தில் சேர்ந்துவிட்டான் என்று நிம்மதியாகி வக்கீலை விட்டுவிடாதீர்கள். 2022 கடைசிக் கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் உங்கள் மகனைப் போல விசாரணைக் கைதிகள், அதாவது குற்றவாளி என்று எந்த நீதிபதியும் இன்னும் சொல்லாதவர்கள். 2024 ஜூலை முதல் வந்திருக்கும் புதிய சட்டத்தில், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில், 479ஆவது பிரிவு இருக்கிறது. இதற்கு முன் எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை உள்ளேயே கழித்துவிட்டால் பிணைப் பத்திரத்தின் பேரில் விடுவிக்க வேண்டும் என்கிறது. தூக்கு, ஆயுள் தண்டனை வரக்கூடிய குற்றத்துக்கு இது கிடையாது, ஒன்றுக்கு மேல் கேஸ் இருந்தாலும் சிக்கல். அதிகபட்சம் மூன்று வருடம் என்றால் உங்கள் பையன் அந்த ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டான். ஏழு வருடம் என்றால் 2 வருடம் 4 மாதம் ஆக வேண்டும். பழைய கேஸ்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றமே 2024 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. கோர்ட்டுக்கு எழுத வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருக்கு உண்டு, ஆனால் அவர் எழுதட்டும் என்று நாம் காத்திருக்கக் கூடாது. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணில் கூப்பிட்டு இலவசச் சட்ட உதவி கேளுங்கள்.

அந்தப் பத்து நாளும் அவனைப் பார்க்க முடியாதே என்று தவிப்பீர்கள், தெரியும். காலையில் காபி போடுவதற்கு முன்னால் பத்து நிமிடம் நீங்களும் உட்காருங்கள். நானும் உட்கார்ந்தேன்டா என்று பதினோராம் நாள் அவனிடம் சொல்லுங்கள், முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: சிறையில் தியானத்தைக் கொண்டுவந்தது டெல்லி திகார் சிறையில் கிரண் பேடிதான் என்கிறேன் நான். இல்லை, ராஜஸ்தானில்தான் முதலில் என்கிறார் என் நண்பர். பார்க்கில் தினமும் சண்டை. யார் சொல்வது சரி?
(ஓய்வுபெற்ற அரசு ஊழியர், ஜனக்புரி)

பதில்: உங்கள் நண்பர் சொல்வதுதான் சரி ஐயா. 1975இல் ஜெய்ப்பூர் மத்தியச் சிறையில் நடந்தது. ராஜஸ்தானின் அப்போதைய உள்துறைச் செயலாளர் ராம் சிங், தான் விபாசனா போய்வந்து பலன் கண்டவர், இது கைதிகளுக்கும் போக வேண்டும் என்று நினைத்தார். பர்மாவில் பிறந்து வளர்ந்து, அங்கேயே இதைக் கற்றுக்கொண்டு 1969இல் இந்தியாவுக்கு வந்த எஸ். என். கோயங்காவே நேரில் வந்து வகுப்பு எடுத்தார். சில கைதிகளைக் காலில் விலங்கோடு கூட்டிக்கொண்டு வந்தார்களாம். விலங்கு மாட்டியவர்களுக்கு என்னால் சொல்லிக்கொடுக்க முடியாது, கழற்றுங்கள் என்று கோயங்கா பிடிவாதமாக நின்றார். கொடிய குற்றம் செய்தவர்கள், ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று அதிகாரிகளுக்குப் பயம். கடைசியில் கழற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அந்த விலங்குதான், அதை அப்படியே விட்டுவிட்டு வகுப்பை மட்டும் நடத்திவிட்டுப் போயிருந்தால் அதற்குப் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன்.

ஆனால் நாடு முழுக்கத் தெரியவைத்தது திகார்தான், அந்த வகையில் நீங்களும் முழுக்கத் தோற்கவில்லை. 1993 மே மாதம் கிரண் பேடி சிறைத்துறை ஐ.ஜி.யாக வந்தபோது, இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்குக் கட்டிய திகாரில் எட்டாயிரத்துக்கும் மேல் ஆட்கள் இருந்தார்கள். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒரு சிறை அதிகாரி, என் கோபம் இதில்தான் குறைந்தது, இங்கேயும் நடத்திப் பார்க்கலாமே என்று சொல்லப்போக, அந்த வருடம் நவம்பரில் சுமார் நூறு கைதிகளோடு முதல் வகுப்பு நடந்தது. 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு நான்காம் எண் சிறைக்குள்ளேயே 'தம்ம திகார்' என்று நிரந்தர மையம் வந்தது.

திகாரின் முதல் வகுப்பில் சிறைப் பணியாளர்களும் கைதிகளோடு சேர்ந்து உட்கார்ந்தார்கள் என்பதையும் நண்பரிடம் சொல்லுங்கள். நான் போகும் இடத்தில் ஒரு வார்டர் இருக்கிறார். ஆறு மாதம் கதவருகே தடியை ஊன்றி நின்றுகொண்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஜனவரி மாதம், பல் கிட்டும் குளிர், தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு அந்தக் கூடம் அமைதியான மாதிரி அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் ஒரு வயதான தம்பதியைக் கட்டிப்போட்டுக் கொள்ளையடித்தார்கள். இரண்டு வருடமாகியும் காலிங் பெல் அடித்தால் அந்தப் பாட்டிக்குக் கை நடுங்குகிறது. கட்டிப்போட்டவனுக்கு அரசாங்கச் செலவில் சாப்பாடு, அதற்கு மேல் மன அமைதி வகுப்பு. பாட்டிக்கு என்ன வகுப்பு? கோபமாகத்தான் கேட்கிறேன் சார், மன்னிக்கவும்.
(துவாரகா)

பதில்: மன்னிப்பு எதற்குத் தம்பி, நியாயமான கோபம். பாட்டிக்கு ஒன்றும் இல்லை என்பது உண்மை, அது தப்பு. குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தர டெல்லியில் 2018ஆம் வருடத் திட்டம் ஒன்று இருக்கிறது. மாநில சட்டப் பணிகள் ஆணையத்தில் மனு கொடுக்க வேண்டும். அவர்களுக்கு அடிபட்டிருந்தால் விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பணத்தால் கை நடுக்கம் போகாது, அதுவும் தெரியும். சாயங்காலத்தில் அரைமணி நேரம் அவர் வீட்டில் போய் உட்காருங்கள். பெல் அடித்தால் பாட்டி, நான் பார்க்கிறேன் என்று நீங்கள் எழுந்து போய்த் திறங்கள். நாளைக்கு அவரே எழுந்து போவார்.

இப்போது உள்ளே இருப்பவனுக்கு வருகிறேன். 'மன அமைதி' என்று அழைப்பிதழில் போடுகிறார்களே, அந்த வார்த்தைதான் உங்களைக் கோபப்படுத்துகிறது என்று நினைக்கிறேன், எனக்கும் அது பிடிக்காது. குளுகுளு அறையில் கண்ணை மூடிச் சுகமாக இருப்பது போல் ஒரு படம் அதில் வந்துவிடுகிறது. நான் பார்த்த வரையில், உட்கார ஆரம்பித்தவனுக்கு முதலில் வருவது அமைதி இல்லை. டி.வி., பீடி, பேச்சு, சீட்டு என்று இத்தனை நாள் எதை வைத்து மூடியிருந்தானோ அந்த மூடியை எடுத்துவிடுகிறோம், உள்ளே கிடந்தது மேலே வருகிறது.

ஆயுள் தண்டனையில் இருந்த ஒருவர், பத்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தவர், வாயைத் திறந்தால் எதிர் பார்ட்டிதான் முதலில் கை வைத்தான், போலீஸ் பொய் சொன்னது, வக்கீல் ஏமாற்றினான் என்றே சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லாரும் கம்பளியை உதறிக்கொண்டு கிளம்பியபோது அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். 'அந்த ஆளோட செருப்பு ஒத்தைச் செருப்பு ரோட்டுல கிடந்துச்சு சார். நீல வார். பத்து வருஷமா அது ஞாபகத்துல வந்ததே இல்ல. இப்ப கண்ணை மூடினா அதுதான் வருது' என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த இரண்டு வாரம் அவர் வரவில்லை, மூன்றாம் வாரம் வந்தார். அதற்குப் பிறகு எதிர் பார்ட்டி கதையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

இதனால் செத்தவர் திரும்ப வரப்போவதில்லை, தண்டனையில் ஒரு நாள்கூடக் குறைய வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. தண்டனை கோர்ட்டின் வேலை. ஆனால் தான் செய்தது இன்னது என்று அவரைத் திரும்பிப் பார்க்கவைக்கக் கோர்ட்டால் முடியவில்லை, பத்து வருடம் பூட்டி வைத்ததாலும் முடியவில்லை. அந்தப் பாட்டியின் கையை அவனும் ஒரு நாள் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கட்டும் என்றுதான் நான் விரும்புகிறேன்.

கேள்வி: இது புத்த மதத்தில் சேர்க்கும் வேலையா? உள்ளே இருக்கும் என் தம்பி சர்ச்சுக்குப் போகிறவன்.
(கரோல் பாக்)

பதில்: இல்லை. மதம் மாறச் சொல்லும் இடத்தில் சேர வேண்டாம், விபாசனாவில் அப்படிச் சொல்வதில்லை. இந்தச் சந்தேகம் நம் ஊரில் மட்டும் இல்லை, அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் டொனால்ட்சன் என்ற கடும் காவல் சிறையில் 2002இல் இதைத் தொடங்கியபோது அங்கேயும் இதே பயத்தில் சில வருடம் நிறுத்தி வைத்து, அப்புறம் மறுபடி நடத்தினார்கள். எங்கள் கூடத்தில் வகுப்பு முடிந்ததும் ஒருவர் நமாஸ் செய்யப் போவார், ஒருவர் அனுமன் சாலீசா புத்தகத்தை எடுப்பார். உங்கள் தம்பி ஜெபம் பண்ணட்டும், இதையும் செய்யட்டும்.

கேள்வி: நான் உளவியல் படிக்கிறேன். உணர்ச்சிபூர்வமான கதைகள் நிறைய கேட்டாயிற்று. இது வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?
(மாணவி, முனீர்கா)

பதில்: கேட்க வேண்டிய கேள்வியம்மா. இருப்பதைச் சொல்கிறேன். அமெரிக்காவின் சியாட்டிலில் ஒரு குறைந்த காவல் சிறையில் 1997 முதல் விபாசனா நடத்தினார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் அதைப் பின்தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்டார்கள். விடுதலையாகி மூன்று மாதம் கழித்து, வகுப்பில் உட்கார்ந்தவர்களிடம் குடியும் கஞ்சாவும் கிராக் கொக்கெயினும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. மாசசூசெட்ஸில் ஆறு சிறைகளில் 1,350 பேர் வேறொரு வகைத் தியான வகுப்பை முடித்தார்கள், அந்த முடிவு 2007இல் வந்தது. பகைமை உணர்வு குறைந்தது, தன்மதிப்பு கூடியது. அதில் நீ கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: பெண்களுக்கு ஆண்களைவிடப் பலன் அதிகம், ஆண்களிலும் வெளியே போகும் தறுவாயில் காவல் குறைந்த இடத்தில் இருந்தவர்களுக்கு, கெடுபிடி அதிகமான இடங்களில் இருந்தவர்களைவிட அதிகம். ஒரே வகுப்பு, ஒரே மூச்சு, ஆனால் எந்தச் சுவருக்குள் உட்காருகிறாய் என்பது வித்தியாசத்தை உண்டாக்குகிறது. ஆக்ஸ்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டதில், இங்கிலாந்துச் சிறைகளில் பத்து வாரம் யோகா செய்தவர்களுக்கு மன அழுத்தம் குறைந்திருந்தது, அவசரப்பட்டுக் கையை நீட்டாமல் நிதானிக்கும் சோதனையிலும் நன்றாகச் செய்தார்கள். அப்புறம் கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர்கள் இப்படி வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டு, மனநலத்திலும் நடத்தையிலும் பலன் இருக்கிறது, அளவு சிறியது என்றார்கள்.

சிறியது. அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள். விரும்பி வருகிறவர்கள்தான் இந்த வகுப்புகளில் பெரும்பாலும் உட்காருகிறார்கள், அதனால் பலன் எவ்வளவு தியானத்தால், எவ்வளவு அவர்களின் விருப்பத்தால் என்று பிரிப்பது கஷ்டம். தியானம் செய்தால் மறுபடி குற்றமே செய்ய மாட்டான் என்று மேடையில் பேசுகிறவர்களை நம்பாதே. மிக நன்றாக உட்கார்ந்த ஒரு பையன், எனக்கே ஆசையாக இருக்கும் அவன் உட்காருவதைப் பார்க்க, வெளியே போய் ஐந்தாம் மாதம் அதே செயின் பறிப்பு கேஸில் திரும்பி வந்தான். என்னைப் பார்க்க வெட்கப்பட்டு ஒரு மாதம் வகுப்புக்கு வரவில்லை. வெளியே அவனுக்கு வேலை இல்லை, வீட்டில் சேர்க்கவில்லை, பழைய சிநேகிதர்கள் மட்டும் பைக்கோடு வாசலில் நின்றார்கள்.

கதை போதும் என்றாய், ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். ஜூன் மாதத்தில் பேரக்குக்கு வெளியே உள்ள குழாயில் தண்ணீர் நூலாக வரும், ஆளுக்கு ஒரு பக்கெட், வரிசை. அந்த வரிசையில்தான் பாதிச் சண்டை. சேலத்துப் பக்கத்து லாரி டிரைவர் ஒருவர், கோபத்தில்தான் உள்ளே வந்தவர், ஒரு நாள் என்னிடம் ஓடிவந்து, 'அண்ணே, எம் பக்கெட்டைக் காலால எத்திவிட்டான்ணே. கை மேல போயிடுச்சு. போனது தெரிஞ்சுச்சு. எறக்கிட்டேன்' என்றார். தோளுக்கு மேல் கையைத் தூக்கி, அப்படியே மெதுவாக இறக்கிக் காட்டினார், இரண்டு முறை காட்டினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கை மேலே போவது தெரிகிற அந்த அரை நொடி அவருக்கு 38 வயதில்தான் முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது. இதை எந்த அட்டவணையில் போடுவது என்று நீ படித்து வந்து சொல்.

கேள்வி: பதினைந்து வருடமாக யோகா ஆசிரியையாக இருக்கிறேன். பெண்கள் சிறையில் சொல்லிக்கொடுக்க ஆசை. எப்படிப் போவது, என்ன தயாராக வேண்டும்?
(ஆர்.கே. புரம்)

பதில்: சிறைத்துறைத் தலைமையகத்தில் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும் சகோதரி, போலீஸ் சரிபார்ப்பு உண்டு, நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கள். ஏற்கெனவே உள்ளே போய்வரும் ஒரு அமைப்போடு சேர்ந்து போவது சுலபம். செல்போன், பணம், மருந்து எதுவும் கொண்டுபோகக் கூடாது. வீட்டுக்கு ஒரு சேதி சொல்லுங்களேன் என்று அழுதுகொண்டு கேட்பார்கள், ஒரு துண்டுச் சீட்டுகூட வாங்காதீர்கள், மனசு கேட்காது, இருந்தாலும் வாங்காதீர்கள், ஒரு சீட்டால் மொத்த வகுப்பும் நின்றுவிடும். என்ன கேஸ் என்று கேட்காதீர்கள்.

கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். அடியும் உதையும் வாங்கிய பெண்களுக்கு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது கண்ணை மூடுவதே பயம். திறந்தே இருக்கட்டும், தரையில் ஓரிடத்தைப் பார்க்கட்டும். கதவு இருக்கும் பக்கம் யாருக்கும் முதுகு வராதபடி வட்டமாகவோ சுவரோரமாகவோ உட்காரவையுங்கள். முழங்காலைத் திருத்தத் தொட வேண்டும் என்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன், எந்த இடம் என்று வேண்டாம். யாரோ பெரியவர்கள் கேமராவோடு வருகிறார்கள் என்று, அதுவரை எட்டிக்கூடப் பார்க்காத இருநூறு பேரைத் திட்டி விரட்டிக் கொண்டுவந்து வரிசையாக உட்காரவைத்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு வகுப்பு எடுத்தேன். அதற்கு அடுத்த வாரம் வழக்கமாக வரும் முப்பது பேரில் ஒன்பது பேர்தான் வந்தார்கள். இனி அப்படி நடந்தால் மறுத்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன், மறுத்தும் இருக்கிறேன். நீங்களும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வருகிறேன் என்று சொன்ன கிழமையில் மழையோ வெயிலோ தவறாமல் போங்கள். வர்றேன்னு சொல்லிட்டு வராதவங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

கேள்வி: அண்ணே, நான் வெளியே வந்து மூணு மாசம் ஆச்சு. உள்ளே இருந்தப்ப ஒரு மணி நேரம் அசையாம உட்காருவேன். வெளியே பத்து நிமிஷம் முடியல. தங்கச்சி வீட்டுலதான் இருக்கேன், மச்சான் பேசுறதில்ல. வேலை கேட்டுப் போனா போலீஸ் வெரிஃபிகேஷன்ங்கிறாங்க. உள்ளேயே நிம்மதியா இருந்தேனோன்னு தோணுது. அப்படித் தோணுறது தப்பான்னு சொல்லுங்க.
(திரிலோக்புரி)

பதில்: தப்பில்லை தம்பி. வெளியே வந்த பல பேர் இதையே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எழுத்தில் எழுத உங்களுக்குத்தான் தைரியம் வந்திருக்கிறது. உள்ளே மணி அடித்தார்கள், இடம் இருந்தது, வலது பக்கம் ஒருவர், இடது பக்கம் ஒருவர் உட்கார்ந்திருந்தார்கள். அங்கே உங்களை உட்காரவைத்ததில் பாதி அவர்கள்தான். இப்போது தனியாக, அடுத்தவர் வீட்டில், தலைக்கு மேல் மச்சானின் மௌனத்தோடு உட்காருகிறீர்கள். பத்து நிமிடம் வருகிறதே, அது குறைவில்லை.

ஒரு மணி நேரத்தை இப்போது மறந்துவிடுங்கள். வேலை தேடிக் கிளம்புவதற்கு முன்னால், பல் தேய்த்த கையோடு பத்து நிமிடம். மொட்டை மாடி இருந்தால் மாடி. பத்து நாள் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒரு நாள் வகுப்புகள் உண்டு, ஹரியானாவில் சோனா பக்கத்தில் உள்ள விபாசனா மையத்தில் விசாரியுங்கள், காசு கேட்க மாட்டார்கள், நீங்கள் எங்கே முதலில் கற்றீர்கள் என்பதை வைத்து உங்களை யாரும் வேறு மாதிரி பார்க்க மாட்டார்கள், அங்கே உட்காருகிறவர்களுக்கு அது தெரிந்த கதை. வேலை விஷயத்தில், நீங்கள் விடுதலை ஆகி வந்தவரா, ஜாமீனில் வந்தவரா என்று எழுதவில்லை. விடுதலை என்றால் தீர்ப்பு நகல் ஒன்றைக் கோர்ட்டில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வெரிஃபிகேஷனில் அது கைகொடுக்கும். பழகிய கைத்தொழில் ஏதாவது உள்ளே கற்றிருந்தால், தையலோ தச்சுவேலையோ பேக்கரியோ, அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் நானே கேட்டுப் பார்க்கிறேன்.

மச்சான் பேசாவிட்டால் பரவாயில்லை, பேசவைக்க முயல வேண்டாம். தங்கச்சியிடம் மட்டும் கேளுங்கள், காலையில் பத்து நிமிடம் என்னோடு உட்காருவாயா என்று. கண்ணை மூட வேண்டாம், காய் நறுக்கிக்கொண்டு இருந்தாலும் போதும், பக்கத்தில் இருக்கட்டும். கம்பளி இல்லையென்றால் பழைய பெட்ஷீட்டை நான்காக மடித்துக்கொள்ளுங்கள். நுனியில் உட்காருங்கள், முழுக்க ஏறி உட்கார வேண்டாம்.